தங்கையும் ஒரு நிரல் நூலகமும்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

நூலகம் என்றதும் நம் பள்ளியின் புத்தக அலமாரிகள்தாம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கணிப்பொறி உலகிலும் நூலகங்கள் உண்டு, தோழியரே. அங்கே அடுக்கப்பட்டிருப்பவை பிறர் எழுதி வைத்த நிரல்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நிரலோடு இணைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, அபராதமும் இல்லை! அப்படி ஒரு நூலகம் எங்கள் வீட்டுக்கு வந்ததை எழுதச் சொன்னார்கள் கணிப்பொறி சிஸ்டர்.

என் தங்கைக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது மந்தம். இரண்டு காதுகளிலும் கருவி மாட்டியிருக்கிறாள். கருவி ஒலியைப் பெரிதாக்கித்தான் தரும். அது என்ன சொல் என்று பிரித்தறிய அவளேதான் பழக வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள் பேச்சுப் பயிற்சி ஆசிரியை. மறைக்காவிட்டால் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. ஆனால் அம்மா பனியன் கம்பெனியிலிருந்து வீடு திரும்பும்போது இரவு எட்டரை. அதற்குள் தங்கை தூங்கி வழிவாள். பயிற்சி விட்டுப்போன நாட்களே மிகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து நாற்பது சொற்களைப் பதிவு செய்தேன். திரையில் நான்கு படங்கள் வர வேண்டும்; அம்மாவின் குரல் மட்டும் கேட்க வேண்டும்; தங்கை சரியான படத்தைச் சுட்ட வேண்டும். இதுதான் என் திட்டம். வீட்டில் இருப்பதோ அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி; அதில் ஓடுவது லினக்ஸ். நான் நிரல் எழுதும் பள்ளிக் கணிப்பொறியில் விண்டோஸ். படம் வரையவும் ஒலி எழுப்பவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை. இரண்டுக்கும் தனித்தனியே எழுதுவதென்றால் அரசுத் தேர்வே வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எஸ்.டி.எல். கைகொடுத்தது. சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர் என்பது அதன் முழுப்பெயர். நம் நிரலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் நூலகம் இது. 'இந்த ஒலியை எழுப்பு' என்று நாம் ஒரே விதமாகச் சொன்னால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாஷையில் அது சொல்லிவிடும். சாம் லாண்டிங்கா என்பவர் 1998இல் இதை வெளியிட்டார். பின்னர் அவர் வேலை பார்த்த லோக்கி என்ற அமெரிக்க நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்து விற்றது. நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. நூலகமோ, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் பிழைத்துக்கொண்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2025இல் வந்தது. உரிமத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம், ஆனால் 'மூலத்தை நானே எழுதினேன்' என்று பொய் சொல்லக்கூடாது, மாற்றியிருந்தால் மாற்றியதை மறைக்கக்கூடாது.

எஸ்.டி.எல். சி மொழியில் எழுதப்பட்டது. நாங்கள் படிப்பது பைத்தான். அதற்கும் வழி இருந்தது. எஸ்.டி.எல்.லைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் பைகேம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

ஒலி எப்படிப் போகிறது என்பதை அறிந்தபோது வியந்துபோனேன். பதிவு செய்த குரல் நொடிக்கு 44,100 எண்களாக இருக்கிறது. அவற்றை 512, 512 ஆகப் பிடி பிடியாக ஒலி அட்டைக்கு ஊட்டுகிறது நூலகம். ஒரு பிடி தீர ஏறக்குறைய நூற்றில் ஒரு நொடிதான். பிடியைப் பெரிதாக்கினால் பட்டனை அழுத்தியபின் குரல் தாமதமாக வரும். மிகச் சிறிதாக்கினால், பழைய மடிக்கணினி அடுத்த பிடியைத் தயார் செய்வதற்குள் குரல் விட்டு விட்டுக் கரகரக்கும். தங்கையின் காதுக்குக் கரகரப்பு ஆகவே ஆகாது. 1024இல் வைத்தேன், குரல் தெளிவாக வந்தது.

படத்தின் கீழே சொல்லையும் எழுத விரும்பினேன். 'கொக்கு' என்று எழுதினால் க-வுக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. 'கு' ஒன்றுசேராமல் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கில எழுத்துகளைப் போல் ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தால் தமிழ் இப்படித்தான் சிதறும். எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிக் கொடுக்க ஹார்ஃப்பஸ் என்று இன்னொரு திறந்த நூலகம் இருக்கிறது; எஸ்.டி.எல்.லின் எழுத்துப் பகுதி பிற்காலத்தில் அதையும் சேர்த்துக்கொண்டது. பைகேமின் சமூகப் பதிப்பை நிறுவி, தமிழுக்குரிய நான்கெழுத்துக் குறியீட்டை ஒரே ஒரு வரியில் சேர்த்தேன். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. ஆய்வகத்தில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது மாலை ஆறு மணிக்கெல்லாம் தங்கை தானே மடிக்கணினியைத் திறந்துவிடுகிறாள். நாற்பதில் முப்பத்தொன்று சரியாகச் சொல்கிறாள். 'பல்லி' என்றால் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தின் படத்தையே சுட்டுகிறாள். வரும் ஞாயிறு அம்மா அந்த இரண்டு சொற்களையும் இன்னும் நிறுத்திச் சொல்லப் போகிறார்கள். மறுபடி பதிவு செய்ய வேண்டும்.