பந்துக்குத் தெரியாத பாரம்

கியூ வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை அவுன்ஸ் வேணும் எண்டதைத்தான். 18, 19, 20, 21 எண்டு ஒரு நம்பர். நாங்களும் பெரிய விளக்கம் இருக்கிற ஆக்கள் மாதிரித் தலையாட்டிவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவம். ஆனால் 19 அவுன்ஸ் எண்டு எழுதியிருக்கிற இரண்டு தடிகளை அடுத்தடுத்துக் கையில எடுத்துப் பாருங்கோ. ஒன்று முன்னுக்கு இழுக்கும், மற்றது பின்கையில தொங்கும். அந்த வித்தியாசம் நம்பரில இல்லை. பாரம் எவ்வளவு எண்டது தராசுக்கு. பாரம் எங்க இருக்கு எண்டதுதான் கைக்கு.

(பெயர்ப் பிரச்சினையை முடிச்சிட்டுப் போவம். ஆறு பொக்கட், பதினைந்து பந்து, ஒரு வெள்ளைப் பந்து உள்ள அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில எழுதினால் நீங்கள் சிரிப்பியள். எங்கட ஆக்கள் எல்லாத்தையும் பில்லியட்ஸ் எண்டுதான் சொல்லுறவை, நானும் அப்பிடியே எழுதுறன். 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டம் வென்ற எங்கட நாட்டு எம்.ஜே.எம். லாபிர் விளையாடினதுதான் அசல் பில்லியட்ஸ், அது வேற ஆட்டம்.)

சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒன்றும் தேவையில்லை. தடியைச் சுட்டுவிரலில படுக்க வைச்சு, விழாமல் நிற்கிற இடத்தில பென்சிலால ஒரு கோடு போடுங்கோ. அடியில இருந்து அளந்தால் பெரும்பாலான தடிகளில 18, 19 அங்குலம் வரும். முழு நீளம் வழக்கமாக 58 அங்குலம். நடுவில இரும்பு மூட்டு இருந்தால் புள்ளி கொஞ்சம் முன்னுக்குப் போகும். அடியில, ரப்பர் மூடிக்கு உள்ளே, பார ஆணி இருந்தால் பின்னுக்கு வரும்.

இந்தப் புள்ளி பந்துக்கு என்ன செய்யும்? அநேகமாக ஒன்றும் இல்லை. டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது ஒரு செக்கனில ஆயிரத்தில ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். நடுவில அடிச்சால் பந்து எடுக்கிற வேகம் தடியின் வேகத்தையும் மொத்த எடையையும் டிப்பையும் பொறுத்தது. பக்கத்தில அடிச்சால் பந்து கோட்டை விட்டு விலகுமே, அது நுனிப் பக்கத்து ஐந்தாறு அங்குலத்தின் எடையால வாறது. பாரத்தை முன்னுக்கு வைச்சால் பந்து நேராப் போகும் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. பந்தைத் தொட முந்தியே சமநிலைப் புள்ளியின் வேலை முடிஞ்சுது. அது உங்கட இரண்டு கைக்கும் நடுவில பாரத்தைப் பங்கு பிரிக்கிற விசயம், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் எண்டாலும், சில கைகளுக்கு அதுதான் எல்லாம்.

வெள்ளவத்தையில நாங்கள் விளையாடுற இடம் ஒரு மாடிக்கடை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. அங்க என்னோட விளையாடுற நண்பன் ஒருவனுக்கு இடது கையில பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. வன்னிப் பெடியன், 2009 இல் எட்டு வயது. அதுக்கு மேல அவன் கதைக்கிறதில்லை, நானும் எழுதேல்ல. வலக்கையால அடிக்கிறவனுக்கு இடக்கைதான் பாலம். பெருவிரலையும் சுட்டுவிரல் அடியையும் சேர்த்து ஒரு வாய்க்கால் கட்டி, அதுக்குள்ளால தடியை ஓட விடுறம். அவனிட்ட அந்த வாய்க்காலுக்கு ஒரு கரை இல்லை. நடுவிரல் முட்டிக்கும் மோதிரவிரல் முட்டிக்கும் இடையில உள்ள பள்ளத்திலதான் தடியை வைப்பான்.

வாற ஆக்கள் எல்லாருக்கும் அவனில இரக்கம். "தம்பிக்குப் பாரமில்லாத தடியாப் பார்த்துக் குடுங்கோ." "அந்த ரெஸ்ட்டை வைச்சு அடிக்கலாமே." கடை அண்ணையும் நல்ல மனதோட இருக்கிறதிலேயே பாரம் குறைஞ்ச தடியைத்தான் எடுத்து நீட்டுவார். அது நுனி மெலிஞ்ச, பாரம் எல்லாம் அடியில கிடக்கிற தடி. அவன் பின்னுக்கு இழுத்தவுடன நுனி மிதக்கும், பள்ளத்தை விட்டு எழும்பும். பெருவிரல் இருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு நாள் அவனே சொன்னான்: "மச்சான், எனக்குப் பாரம் குறையத் தேவையில்லை. பாரத்தை முன்னுக்குத் தா. அது தானா இருக்கும்."

பிடியைப் பின்னுக்குத் தள்ளினால் முன்கைக்குப் பாரம் கூடும்தான். அதை அவன் செய்து பார்த்திருக்கிறான். ஆனால் அடிக்கிற நேரம் முழங்கைக்குக் கீழ்ப்பகுதி நேர் கீழ தொங்க வேணும், இல்லாட்டி டிப் மேலயோ கீழயோ போகும். அவன்ர கை கட்டை, சரிவரேல்ல.

அண்ணையிட்ட பெயரில்லாத ஒரு இரண்டு துண்டுத் தடி இருந்தது, 19 அவுன்ஸ், கிட்டத்தட்ட 540 கிராம். புள்ளி 18 அங்குலத்தில. அடி ரப்பரைக் கழற்றி, நீட்டு அலன் கீயை விட்டுத் திருப்பினால் 57 கிராம் ஆணி ஒன்று வெளிய வந்தது. திரும்ப விரலில வைச்சுப் பார்த்தம்: புள்ளி 20 அங்குலத்துக்குக் கிட்டப் போயிருந்தது.

ஏ.எல்.இல பௌதிகவியல் செய்தவைக்கு இனி வாறது திருப்பத்தில ஒரு வரிக் கணக்கு. பின்கை அடியில இருந்து 8 அங்குலத்தில, பாலம் 50 இல எண்டு வையுங்கோ. ஆணியோட பாலத்தில ஏறின பாரம் 129 கிராம் அளவு. ஆணி இல்லாமல் 137. தடி 57 கிராம் குறைஞ்சுது, ஆனால் முன்கைக்குப் பாரம் எட்டுக் கிராம் கூடிப்போச்சு! ஆணி இருந்தது பின்கைக்கும் பின்னால. அங்க இருந்து அது துலா மிதிக்கிற ஆள் மாதிரி நுனியை மேல தூக்கிக்கொண்டிருந்தது. ஆளை இறக்கினவுடன நுனி இறங்கிச்சுது. இரக்கப்பட்டவை கேட்ட பாரமில்லாத தடியும், அவன் கேட்ட முன்பாரத் தடியும் கடைசியில ஒரே தடியிலதான் இருந்தது. கழற்ற வேண்டியது எங்க எண்டு மட்டும் தெரிய வேணும். விதியிலயும் பிழையில்லை. சர்வதேச விதி, கியூ 25 அவுன்ஸுக்கு மேல போகக்கூடாது, 40 அங்குலத்துக்குக் குறையக்கூடாது எண்டுதான் சொல்லுது.

அவன் ஒரே நாளில சம்பியன் ஆகேல்ல. எட்டுக் கிராமும் மந்திரமில்லை. நுனி பள்ளத்தை விட்டு எழும்பிறது குறைஞ்சுது, அதால பந்தைப் பார்க்க அவனுக்கு நேரம் கிடைச்சுது. இப்ப மேசையின்ர முழு நீளத்துக்கும் அடிக்கிறான். இடப்பக்கச் சுழற்சியில இன்னும் தடுமாறுறான், அது நானும்தான். பிரேக் அடிக்க மட்டும் வேற தடி எடுப்பான், இது அந்த வேகத்துக்குச் சும்மா பறக்குதாம்.

ஆணி இப்ப அண்ணையின்ர லாச்சியில, சோக் கட்டிகளோட கிடக்குது. அந்தத் தடி மற்றத் தடிகளோட சுவரிலதான் நிற்கும், ஆரும் எடுக்கலாம். புதுசா வாறவை எடுத்து இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, "இதென்ன அண்ணை, முன்னுக்கு இழுக்குது" எண்டுபோட்டுத் திரும்ப வைச்சிடுவினம். அதால சனிக்கிழமைச் சனத்துக்குள்ளயும் அவன் வரேக்க அது அங்கதான் நிற்கும்.