மழைச்சட்டைக்கு மறுவாழ்வு

ஐப்பசி பிறந்துவிட்டால் செஞ்சிக் கோட்டையின் மலைமுடிகளை மேகம் மூடிக்கொள்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இவ்வட்டாரத்தார் எவரும் மறந்திரார்.

கிளைக் கிராமங்களுக்கு இருசக்கர வண்டியில் சென்றுவரும் எனக்கு மழைச்சட்டை இன்றியமையாத உடைமை. நோயாளியிடமிருந்து அழைப்பு வந்தால், மழை ஓயட்டும் என்று காத்திருக்க இயலுமா? ஆயினும் என்னைவிட அதனை நம்பி வாழ்வோர் பலர். விடியுமுன் பால் கொண்டுசெல்லும் குடும்பத்தலைவர் ஒருவர், “சாமி, இரண்டு வருஷத்துச் சட்டை, உள்ளே எல்லாம் நனையுது” என்று வருந்தினார். புதியது வாங்கக் கடன் கேட்கவும் முனைந்திருந்தார்.

அந்த நைலான் சட்டையை விரித்துப் பார்த்தேன். கிழிசல் ஒன்றுமில்லை. தாமரை இலையின் மேற்பரப்பில் மெழுகு படிந்திருப்பதால் நீர் முத்து முத்தாய் உருளுகிறதல்லவா? அதுபோன்ற மெல்லிய பூச்சொன்று இத்தகைய சட்டைகளின் வெளிப்புறத்தில் உண்டு. புழுதியும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதனை மறைத்துவிட, வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனக்கிறது. உடலின் வியர்வை வெளியேற வழியின்றி உட்புறம் குளிர்ந்து படிகிறது. மழை புகுந்துவிட்டதென்று நாம் எண்ணுகிறோம்.

இதற்குப் பரிகாரம் எளிது. மென்மையான திரவச் சோப்பினால் கையால் துவைத்து, நுரை அறவே நீங்கும்வரை அலச வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் ஆகா. அவை விட்டுச்செல்லும் படிவு நீரை ஈர்க்கும். நிழலில் உலர்த்தியபின், சட்டையின் குறிப்புச்சீட்டு அனுமதித்தால் மட்டும், மேலே பருத்தித் துணி விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். மங்கிய பூச்சு வெப்பத்தால் மீண்டும் செயல்படும். ரப்பர், பிளாஸ்டிக் சட்டைகளுக்கு இஸ்திரி கூடவே கூடாது, உருகிவிடும்.

அதன் பின்னும் நீர் உருளாவிட்டால், கடையில் விற்கும் நீர்விலக்குத் தெளிப்பானைப் பயன்படுத்தலாம். ஃபுளோரின் கலவாததா என்று கேட்டு வாங்குங்கள். பழைய பூச்சுகளோடு தொடர்புடைய பிஎஃப்ஓஏ என்னும் இரசாயனம் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குவதால், 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கித்தான் பைகளுக்கோ பழைய முறையொன்று உண்டு. சோப்புக் கரைசலில் தோய்த்துப் பிழிந்து, பின்னர் படிகாரக் கரைசலில் தோய்த்து உலர்த்துவார்கள். இரண்டும் கூடி, நீரில் கரையாத படிவொன்று நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். மெழுகைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கரைத்துப் பூசுவதை மட்டும் எவரும் முயல வேண்டாம். தீ விபத்துக்கு அதுவே வழி.

பால்காரர் அவ்வாறே துவைத்து உலர்த்தினார். அடுத்த மழையில் நீர் உருண்டோடியது. தையல் விட்ட ஓரிடத்தில் மட்டும் ஒட்டு வைக்க நேர்ந்தது. கடன் வாங்கும் தேவை எழவில்லை.

அன்பர்களே, பழையதை வீசியெறியுமுன் அதன்மீது ஒரு கை நீர் தெளித்துப் பாருங்கள். துணி கிழியாதிருப்பின், பெரும்பாலும் அதற்கு வேண்டுவது ஒரு வாளித் தண்ணீரும் சற்றுப் பொறுமையுமே.