ரெஜிபோமை எரிக்காதீங்க, தும்பைக் கொஞ்சம் யோசிங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2017 செப்டெம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தடை செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதையும் அப்போதே தடை செய்தார்கள். அது பலருக்கு ஞாபகமில்லை. இன்றைக்கும் டீவி, ஃபேன், ரைஸ் குக்கர் என்று எது வாங்கினாலும் பெட்டிக்குள் ரெஜிபோம் வருகிறது. மஃரிபுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் யாராவது அதைக் கொளுத்துகிறார்கள். கரும்புகை ஜன்னலால் உள்ளே வரும். வாப்பாவுக்கு இழுப்பு வருத்தம். அன்றிரவு அவர் படுக்க மாட்டார், கட்டிலில் குந்திக்கொண்டே இருப்பார்.

எரிக்காமல் வீசினாலும் கரைச்சல்தான். அது பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை ஊதிப் பெருப்பித்த சாமான். உக்காது. மணி மணியாக உதிர்ந்து வாய்க்காலுக்குப் போய், கடைசியில் கடலில் சேரும்.

வகுப்பில் இதைக் கதைத்தபோது தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது: "அப்ப டீச்சர், உடையிற சாமானை எப்படி அனுப்புற?"

நல்ல கேள்வி. அடுத்த நாள் முட்டையும் தென்னந்தும்பும் கொண்டுவரச் சொன்னேன். பெட்டிகளில் வைத்து மேல் மாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம். தும்பை இறுக்கித் திணித்த பெட்டியில் முட்டை உடைந்தது. தும்பை நன்றாக உதிர்த்து, எல்லாப் பக்கமும் நாலு விரல் தடிப்புக்கு வைத்த பெட்டியில் உடையவில்லை. இரண்டாம் தடவை போட்டும் உடையவில்லை. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு சேர் ஓடி வந்து பார்த்தார்.

சுருண்ட தும்பு நார் சின்னச் சின்ன ஸ்பிரிங் மாதிரி. விழும் பொருளை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது. ரெஜிபோம் செய்வதும் அதே வேலைதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சட்டி பானைக்கு இடையில் வைக்கோல் வைத்து ஏற்றுவார்கள். உம்மம்மா முட்டையை உமிக்குள் வைப்பா. கடைக்கு முட்டை வரும் கடதாசித் தட்டும் மரநார்க் கூழ்தான். தும்புக்கு இறப்பர் பால் தெளித்து அழுத்தி மெத்தை செய்வது எங்கள் நாட்டில் பழைய தொழில். அதே முறையில் பெட்டிக்குள் வைக்கும் மெத்தைகளும் செய்யலாம். உலகத்துக்கே தும்பு ஏற்றுமதி செய்கிற நாங்கள், பெட்டிக்குள் வரும் ரெஜிபோமை வாசலில் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

குறையும் இருக்கிறது. தும்பு ரெஜிபோமை விடப் பாரம், கூரியர் காசு கொஞ்சம் கூடும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தூசு இருக்கும். வெயிலில் காயவைத்து, உதறித்தான் பாவிக்க வேண்டும். பெரிய கம்பனிகளை நாளைக்கே மாற்றவும் எங்களால் முடியாது.

ஆனால் ஊரிலிருந்து ஊறுகாய்ப் போத்தல், அத்தர், கண்ணாடிச் சாமான் அனுப்பும் சகோதரிகள் தொடங்கலாம். தும்பைப் பழைய துணியில் சுற்றி வையுங்கள், சாமானில் தூசு படாது. வாங்குபவர் அந்தத் தும்பைப் பூச்சட்டியில் போடலாம், தண்ணீர் கொஞ்சம் நின்று பிடிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ரெஜிபோம் இருந்தால் உடைக்காமல் எடுத்து வையுங்கள், அடுத்த பார்சலுக்கு உதவும். தயவுசெய்து எரிக்க மட்டும் வேண்டாம். எல்லா ஒழுங்கையிலும் ஒரு நோயாளி இருக்கிறார்.

யாராவது செய்து பார்த்தால் கொமென்ட்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.