மரிக்கொழுந்து இல்லாத ஊர்

மல்லிகைக்கு நான் ஏங்குவதில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இப்போது விமானம் ஏறித் தேசம் தேசமாகப் போகிறது. தெற்கு ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரிலிருந்து ரயில் பிடித்து, தமிழர் கடை இருக்கும் நகரத்துக்குப் போனால், விசேஷ நாளில் ஒரு முழமாவது வாங்கிவிடலாம். கொஞ்சம் வாடியிருக்கும், விலையும் கூடுதல்தான், ஆனாலும் மல்லிகை மல்லிகைதான். இங்கே கிடைக்காதது மரிக்கொழுந்து. அது பூ இல்லை, வெறும் தழை. தழையை யார் விமானத்தில் ஏற்றுவார்கள்?

எங்கள் பக்கத்தில் பூ என்றால் தனி மல்லிகை இல்லை, கதம்பம்தான். கனகாம்பரம், மல்லிகை, செவ்வந்தி என்று என்ன சேர்த்தாலும் இடையிடையே மரிக்கொழுந்து வைத்து வாழைநாரில் கட்டினால்தான் அது கதம்பம். அப்பத்தா திண்ணையில் கால் நீட்டிக் கட்டுவாள். பூவை எண்ணி வைப்பவள், மரிக்கொழுந்தை மட்டும் கை நிறைய அள்ளி வைப்பாள். “பூ ராத்திரியோட போயிரும் தாயி, இது இருக்கும்” என்பாள். இருக்கத்தான் செய்தது. காலையில் சடையை அவிழ்க்கும்போது மல்லிகை பழுத்து நிறம் மாறியிருக்கும். மரிக்கொழுந்து சுருங்கிப்போயிருந்தாலும் மணம் முந்தின நாளைவிட ஒரு படி அதிகமாகவே இருக்கும். அந்தக் காய்ந்த கொழுந்தை அவள் எறிய விடமாட்டாள். உருவியெடுத்து டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்புகளுக்குள் போடுவாள். அந்துருண்டை அவளுக்குப் பிடிக்காது. கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எத்தனையோ வருசத்து மரிக்கொழுந்து புடவையிலிருந்து எழுந்து வரும். எனக்கு அப்பத்தா என்றால் முகத்துக்கு முன்னால் அந்த மணம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆர்டிமிசியா பல்லன்ஸ் என்பது தாவரவியலார் அதற்கு வைத்த பெயர். பெருமாள் கோயில்களில் தவனம் என்பார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதிக்கும் காஞ்சி வரதருக்கும் தவன உற்சவம் என்றே ஒரு திருவிழா உண்டு. ஒரு தழையின் பேரில் சாமிக்கு உற்சவம் நடத்திய ஊர் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதைப் பயிர் பண்ணுவது லேசில்லை. விதை தூசி போல இருக்கும். துணியில் முடிந்து நனைத்து, முளை கண்டதும் மணலோடு கலந்து பாத்தியில் தூவ வேண்டும். அடைமழை பெய்தால் நாற்று அழுகிவிடும். அதற்குப் பிடித்தது பகல் வெயிலும் இரவுப் பனியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் வயலே மணக்கும். மாலைக்கு வேண்டுமென்றால் இளம் கொழுந்தாகக் கிள்ளுவார்கள். கர்நாடகத்தில் எண்ணெய்க்காக வளர்ப்பவர்கள் பூ விடும்வரை காத்திருந்து செடியோடு அறுத்து, வாட்டி, நீராவியில் வடிப்பார்கள். தவன எண்ணெய் வெளிநாட்டு வாசனைத் தைலங்களில் சேர்கிறது. அது ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக மணக்கும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆசையில் ஒரு சிறு குப்பி வாங்கினேன். பழம் கனிந்தது போல இனிப்பாக, நல்ல மணம்தான். ஆனால் அது பூத்து முடிந்து கொதிநீராவி கண்ட மணம். எனக்கு வேண்டிய பச்சை வாசம் அதில் இல்லை. குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் மரிக்கொழுந்தின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதுதான் ஏக்கத்தைக் கூட்டுகிறது. ரயில் பாதை ஓரத்தில், கட்டடம் இடித்த மனைகளில், ஆள் உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். இலையின் மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளை. பைஃபுஸ் என்கிறார்கள். நம் மாசிபத்திரிக்கு மிக நெருங்கிய உறவு. முதல்முறை ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தபோது நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். கசப்பும் கற்பூரமுமாக ஏறிய வாடைக்கு அடியில் எங்கோ ஓர் இழை மரிக்கொழுந்து இருந்தது. பிறகு இரண்டாவது இலையைக் கசக்கினேன். அந்த இழை பிடிபடவில்லை.

மேல்வீட்டுப் பாட்டி என் வாசலில் நின்று இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. கிறிஸ்துமஸ் வாத்து வறுவலுக்கு பைஃபுஸ் இல்லாமல் ஆகாது, கொழுப்பைச் செரிக்க வைக்கும் என்பார். அந்தக் காலத்தில் ஜூன் 24 யோவான் திருநாள் நெருப்பைச் சுற்றி ஆடுகிறவர்கள் இந்தச் செடியை அரைஞாண் போல இடுப்பில் கட்டிக்கொண்டு, கடைசியில் அதை நெருப்பில் எறிவார்களாம். நோயும் பீடையும் அதோடு எரிந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு விழாவுக்கு இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் மூலிகைக் கொத்துக் கட்டித் தேவாலயத்தில் மந்திரித்து வருவார்கள். நடுவில் மஞ்சள் பூக்கும் ஓர் உயரமான தண்டு. சுற்றிலும் வயலிலும் வேலியிலும் கிடைத்த தழைகள். அதில் பைஃபுஸும் கசப்புக்குப் பேர்போன வெர்மூட்டும் உண்டு. கொத்தை வீட்டில் சாமிப் படத்தருகே தொங்கவிடுவார்கள். இடி மின்னல் வந்தால் ஒரு துணுக்கு அடுப்பில் போடுவது, மாடு சுகமில்லாமல் படுத்தால் தீனியில் கலப்பது எல்லாம் பாட்டி சிறுமியாக இருந்தபோது நடந்தவை. கேட்கக் கேட்க எனக்குப் பொங்கல் காப்புக்கட்டுதான் கண்முன் வந்தது. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை எல்லாம் சேர்த்துக் கூரையில் செருகுவோமே, அது.

வெர்மூட் கஷாயம் இங்கே இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. பசி மந்தத்துக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு கோப்பை. வாயில் வைத்ததும் அப்பத்தாவின் மாசிபத்திரிச் சாறு ஞாபகம் வந்துவிட்டது. வயிற்றில் பூச்சி என்றால் அவள் மூக்கைப் பிடித்துப் புகட்டுவாளே, அந்தக் கசப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் அதைக் காட்டவே கூடாது என்பாள். இங்கே மருந்துக்கடைப் பெண்மணியும் வெர்மூட்டைப் பற்றி அதையேதான் சொன்னார். கசப்பு எந்த ஊரில் முளைத்தாலும் கைப்பக்குவம் தெரிந்த பெண்கள் ஒரே எச்சரிக்கையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மரிக்கொழுந்தைக் காயவைப்பதிலும் அப்பத்தாவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. வெயிலில் போடக் கூடாது, நிழலில்தான். “வெயில் பட்டா உசுரு போயிரும்” என்பாள். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிய கதையைப் பின்னாளில் படித்தபோது அந்தக் கண்டிப்பின் அருமை புரிந்தது. இதே குடும்பத்து மூலிகை ஒன்றைக் காய்ச்சி எடுத்த சாற்றில் வேகம் நிற்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டுப் பழைய ஏடு ஒன்றில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் சாற்றை எடுத்தார். 2015-ல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த ஏட்டை எழுதியவருக்கு முன்னால், பிழிந்து குடித்துப் பார்த்த பாட்டிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

விதை கொண்டுவந்து இங்கே போடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 2019 டிசம்பருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை கொண்டுவரவும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்கினாலும் விதைக்கு ஆயுசு குறைவு. அதற்குமேல், தை மாதத்துப் பகல் வெயிலுக்கும் விடியற்காலைப் பனிக்கும் எங்கே போவது? இங்கே தை மாதத்தில் தரையே உறைந்து கிடக்கும்.

ஊருக்குப் போகும்போது மதுரை மாட்டுத்தாவணி பூச் சந்தையில் கட்டுக்கட்டாக அது குவிந்துதான் கிடக்கிறது. சாமி மாலைக்குப் போகிறது, கல்யாண மாலைக்குப் போகிறது. பெண்கள் தலையில்தான் இல்லை. என் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். “சித்தி, கோயில் வாசம் அடிக்குது” என்று எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் மூக்குக்கு அது சாமியிடம் மட்டும் அறிமுகமான மணம். எனக்கு அது எண்ணெய்ச் சடை, பட்டுப்பெட்டி, வெள்ளிக்கிழமைக் குளியல்.

குளியல் என்றதும் பொடி. சிகைக்காயோடு வெட்டிவேர், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கார்போகரிசி எல்லாம் சேர்த்து மில்லில் திரிப்பாள் அப்பத்தா. அதில் காய்ந்த மரிக்கொழுந்து எவ்வளவு என்பது அவளுக்குக் கைக்கணக்கு. எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் அத்தையிடம் போனில் கேட்டேன், அவளுக்காவது தெரியுமா என்று.

“அளவெல்லாம் சொல்லத் தெரியாதுத்தா, அள்ளிப் போட்டுத்தான் காட்டணும்” என்றாள். “தையில வராத, மாசியில வா. பூ விட்டிருக்கும், வாங்கி நிழல்ல போட்டு வைக்கிறேன். நீயே மில்லுக்குத் தூக்கிட்டு வரணும், எனக்கு முழங்கால் வலி.”

மாசிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.