ஒரு தீக்குச்சி, மூன்று இழைகள்

கல்யாண மாதங்கள் நெருங்கினால் போலிக் காஞ்சிப் பட்டு பற்றிப் பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தியாவது வந்துவிடும். அப்படி ஒன்றைப் படித்த சூட்டில், நண்பர் சொன்ன அடையாளத்தோடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரைத் தேடிப் போனேன். சாயம் தோய்ப்பது, தெருவில் பாவு நீட்டுவது, பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைப்பது என்று விளக்கினார். பாதி எனக்கு ஏறவில்லை. "அசலை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றதும் தறிக்குழியிலிருந்து எழுந்து தீப்பெட்டியை எடுத்தார்.

வாங்கிய சேலையில் சந்தேகம் வந்தவர்கள் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்களாம். அவற்றில் உருவிய நூல்கள் ஒரு டப்பாவில் இருந்தன. ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். மெல்ல எரிந்தது, தீக்குச்சியை விலக்கியதும் அணைந்தது. முடி கருகும் நாற்றம். நுனியில் திரண்ட கறுப்பு மணி விரலில் நசுங்கித் தூளானது. பட்டு. முடியைப் போலப் பட்டும் புரதம்தான். நாற்றத்துக்குக் காரணம் அது. அடுத்த இழை நெருப்பைக் கண்டதுமே சுருங்கி உருகியது, கரும்புகை வந்தது. ஆறியபின் மிஞ்சிய மணி நசுங்கவே இல்லை. பாலியஸ்டர்.

மூன்றாவது குபுக்கென்று பற்றியது. காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். பருத்தியா, ரேயானா? இரண்டும் செல்லுலோஸ் என்பதால் தீயால் சொல்ல முடியாது. மிச்ச நூலை நனைத்து இழுத்தார், சட்டென்று அறுந்தது. ஈரத்தில் ரேயான் வலுவிழக்கும். பருத்தி இன்னும் உறுதியாகும்.

"ஒரு இழைய எரிச்சிட்டு முடிவு கட்டக்கூடாது தம்பி. நீளத்துல ஓடுற பாவு பட்டா இருக்கும், குறுக்க ஓடுற ஊடை வேறயா இருக்கும். ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்."

சரிகையை மட்டும் கத்தி நுனியால் சுரண்டினார். உள்ளே சிவப்பு. சிவப்புச் சாயமிட்ட பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. வெள்ளி எவ்வளவு என்பதற்கு எக்ஸ் கதிர்க் கருவிதான் வேண்டும்.

சிறுவயதில் அப்பாவின் தறியில் கரைக்கு நாடா தள்ளும் கோர்வைப் பையனாக உட்கார்ந்தவர். மகன் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. நூலும் சரிகையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பது. நெய்த சேலையில் எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். நெய்பவரை நிறுக்கும் அந்தத் தராசு, கொடுத்த நூல் அசலா என்று ஒருநாளும் நிறுத்ததில்லை. கலப்படம் வெளியே வந்தால் "காஞ்சிபுரத்துக்காரன் ஏமாத்திட்டான்" என்று பேச்சு வாங்குவது மட்டும் தறிக்காரர்.

மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க், பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். சரிகையைப் பற்றிப் பேசாது. கைத்தறியா விசைத்தறியா என்றும் சொல்லாது. அதற்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த இடைவெளிகளில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

ஆயிரக்கணக்கில் பணம் எண்ணிக் கொடுப்பவர்கள் ரசீதில் இவ்வளவாவது கேளுங்கள்: பாவு என்ன, ஊடை என்ன, சரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம், நெய்தது எந்தத் தறி. எழுதித் தரத் தயங்குகிற கடையில் நூலை எரித்துப் பார்க்கத் தேவையே இல்லை.