அளந்து பாராத படிப்பு

கற்றவன் என்று பிறர் நம்மைக் கருதும்போது உண்டாகும் பெருமிதம் மிக இனியது. ஆயினும் அப்பெருமிதமே சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது. யான் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலத்தில் கல்வி பயின்றவன். கடிதமோ, படிவமோ, விலைப்பட்டியலோ, எதுவாயினும் உறவினர் என்னிடமே கொண்டுவந்து நீட்டுவர். யானும் தலை நிமிர்ந்து படித்துப் பொருள் சொல்வேன். சென்ற ஆண்டு இரண்டு சக்கரங்கள் அத்தலையைச் சற்றே தாழ்த்தின. அவ்வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

என் தமக்கையின் கணவர் பட்டணத்தில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். அவரிடம் ஒரு சீன முதலாளி தமது போர்டு மஸ்டாங் வண்டியைக் கொண்டுவந்தார். பேராற்றல் வாய்ந்த இயந்திரத்தைச் சாதாரண உடலுக்குள் அடைத்து, பின் சக்கரங்களால் உந்தப்பட்டு ஓடும் இவ்வகை வண்டிகளை அமெரிக்கர் ‘மசில் கார்’ என்பர். போண்டியாக் ஜி.டி.ஓ. வந்தது 1964ஆம் ஆண்டு மாதிரியாகத்தான்; மஸ்டாங் பிறந்ததும் 1964ஆம் ஆண்டிலேதான். எனினும் வலப்புறம் அமர்ந்து ஓட்டும் மஸ்டாங்கைப் போர்டு தொழிற்சாலை 2015ஆம் ஆண்டு முதலே செய்யத் தொடங்கியது. அதன் பின்னரே நம் நாட்டுச் சாலைகளில் அவ்வண்டி ஓரளவு கண்ணில் படலாயிற்று.

முதலாளியின் விருப்பம் எனக்கு விந்தையாக இருந்தது. பின்புறமிருந்த 19 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் சிறியவற்றை அவர் பொருத்த வேண்டுமாம்! நம் இளைஞர்களோ சிறிய வண்டிக்குப் பெரிய ரிம் மாட்டி அழகு பார்ப்பவர்கள். “பணம் மிகுந்தால் புத்தி தலைகீழாகப் போகும் போலும், அத்தான்” என்று சொல்லிச் சிரித்தேன்.

அத்தான் சிரிக்கவில்லை. “தம்பி, ரிம் சிறுத்தால் டயரின் பக்கச்சுவர் உயரும். கால் மைல் பந்தயத்தில் வண்டி நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். அந்த முதல் உதையை வாங்கிக்கொள்வது பக்கச்சுவர்தான். அது மெலிந்திருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கிளப்பும். உயர்ந்திருந்தால் மடிந்து கொடுத்து, தரையை நன்றாகப் பற்றிக்கொள்ளும்” என்றார். காற்றையும் வழக்கத்தினும் குறைத்தே அடைப்பார்களாம். பால்மரம் வெட்டியவரின் பேரனாகிய எனக்கு, ரப்பரின் குணத்தை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது!

முதலாளியின் எண்ணம் பைத்தியக்காரத்தனம் அன்று என்பதைப் பின்னர் யானே படித்தறிந்தேன். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 என்னும் வண்டிக்கு முன்சக்கரம் 18 அங்குலம். பின்சக்கரமோ 17 அங்குலம். தொழிற்சாலையே அவ்வாறு செய்து அனுப்பியது.

அமெரிக்காவிலிருந்து சக்கரங்களை வரவழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, யானும் ஆங்கிலம் அறிந்தவன், வேறென்ன வேண்டும்? அந்நாட்டுப் பந்தயக்காரர் பலர் பின்புறம் 15 அங்குலச் சக்கரம் மாட்டுவதாகப் படித்தேன். உடனே கணக்குப் போட்டேன். பழைய டயரின் அளவு 275/40 ஆர் 19. அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவர் அதில் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 110 மில்லிமீட்டர். மொத்த உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். புதிய டயர் 275/60 ஆர் 15. பக்கச்சுவர் 165, மொத்த உயரம் 711. ரிம் சிறுத்தாலும் டயரின் மொத்த உயரம் பெரிதும் மாறலாகாது; மாறினால் வேகமானி பொய் சொல்லும்; முன்சக்கரமும் பின்சக்கரமும் சுற்றும் கணக்கை ஒப்பிடும் மின்கருவிகளும் குழம்பும். என் கணக்கிலோ எட்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு! ஐந்து ஆணித் துளைகளின் இடைவெளியாகிய 114.3 மில்லிமீட்டரையும் மறவாமல் ஒப்பிட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டபோது எனக்கிருந்த இறுமாப்பைச் சொல்லி முடியாது.

அப்போது பட்டறையில் தொழில் பழகும் பையன் ஒருவன் அருகில் வந்தான். எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவன். தமிழ்ப்பள்ளியோடு படிப்பில் நாட்டம் குறைந்தவன். “அண்ணே, பிரேக்குக்கு இடம் இருக்குமா? அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்போமா?” என்று கேட்டான். யான் நிமிர்ந்தும் பாராமல், “எல்லாம் இதில் எழுதியிருக்கிறது” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஆறு வாரங்களில் சக்கரங்கள் வந்து சேர்ந்தன. அத்தான் ஒன்றைத் தூக்கி மாட்டினார். அது உள்ளே செல்லவில்லை. திருப்பிப் பார்த்தார், ரிம்மின் உட்புறம் பிரேக்கின் கேலிப்பரில் இடித்து நின்றது. அந்த மஸ்டாங்கின் பின்பிரேக் தட்டு மட்டுமே 330 மில்லிமீட்டர். கேலிப்பரோ தட்டின் விளிம்பையும் தாண்டிப் புடைத்து நிற்பது. 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். அதுவும் டயர் அமரும் இடத்து அளவு. ரிம்மின் தடிப்பும் நடுப்பள்ளமும் போக, உள்ளே கிடைக்கும் இடம் அதனினும் குறைவு. 1964ஆம் ஆண்டு வண்டிகள் பல 14 அங்குலச் சக்கரத்தில் ஓடின. அவற்றின் பிரேக்குகள் சிறிய டிரம்களாக இருந்தன. இயந்திரத்தின் ஆற்றல் பெருகப் பெருக, வண்டியை நிறுத்தும் பிரேக்கும் பெருத்தது; அதற்கு இடங்கொடுக்கச் சக்கரமும் பெருத்தது. இவ்வளவு எளிய செய்தி என் கணக்கில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. பட்டியலின் அடியில், பிரேக்கின் இடைவெளியை அளந்த பின்னரே வாங்குக என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தது. அதனையும் யான் படித்திருந்தேன். படித்தும் கடந்து போனேன்.

பிரேக்கையே சிறியதாக மாற்றி 15 அங்குலச் சக்கரத்தைப் பொருத்தவும் வழியுண்டு. அதற்கான உறுப்புகள் விற்கப்படுகின்றன. என் மானத்தைக் காத்துக்கொள்ள அதனைச் சொல்லிப் பார்த்தேன். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, இந்த வண்டியில்தான் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். ஓடுகிற வேகத்தைக் கூட்டிவிட்டு நிற்கிற பலத்தைக் குறைக்க என் கை வராது” என்றார். யான் வாய் மூடினேன்.

பிறகு நடந்தவற்றைப் பையனே முன்னின்று நடத்தினான். சக்கரம் செய்வோர் வெளியிடும் வடிவப்படத்தை 17 அங்குல அளவில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, கத்தரித்து, பிரேக்கின் மேல் வைத்துச் சுற்றினான். எங்கும் இடிக்கவில்லை. நடுத்துளையின் அளவாகிய 70.5 மில்லிமீட்டரையும் கருவி கொண்டு அளந்தான். டயர் 305/45 ஆர் 17 என்று முடிவாயிற்று: பக்கச்சுவர் 137 மில்லிமீட்டர், மொத்த உயரம் 706. அகலம் கூடியபடியால், உட்புறத்தில் உறுப்புகளிலும் வெளிப்புறத்தில் மட்காட்டிலும் டயர் உரசாதபடி இரு பக்கமும் அளந்தான். புதிய சக்கரம் தடையின்றி ஏறி அமர்ந்தது. கேலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே இரண்டு நாணயங்களை அடுக்கி நுழைக்கும் அளவு இடம் இருந்தது. “மழையில் இவற்றோடு ஓட்டாதீர்கள், தவுக்கே, டயரின் பள்ளம் ஆழமில்லை. வளைவிலும் வண்டி ஆடும்” என்று அவன் முதலாளியை எச்சரித்ததையும் கேட்டேன். பந்தயம் முடிந்ததும் பழைய 19 அங்குலச் சக்கரங்களையே மாட்டிக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று.

வீணான இரண்டு சக்கரங்களின் விலை என் இரு மாதச் சம்பளத்துக்கும் மேல். பாதியை யான் கொடுத்தேன். அத்தான் வேண்டாமென்று மறுத்தும் கொடுத்தேன். அவை இன்றும் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. பையனிடம், “நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், தம்பி” என்று ஒரு நாள் சொன்னேன். அவன் வெட்கப்பட்டு, “அதனால் என்ன அண்ணே” என்றான். அவன் எளிதாக மறந்துவிட்டான். எனக்கு மறக்கவில்லை.

ஏனெனில் அவனிடம் யான் நடந்துகொண்டபடியே தோட்டத்திலும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறேன். “குலை எண்ணிக்கை தவறு, கிராணியாரே” என்று வெட்டுத் தொழிலாளி சொன்னால், “புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது” என்று எத்தனை முறை மறுமொழி சொல்லியிருப்பேன்! அவற்றுள் எத்தனை முறை புத்தகம் தவறியதோ, எத்தனை பேர் கூலியில் அது குறைந்ததோ, இன்று யார் கணக்கிட வல்லார்?

நேயர்களே, படிப்பை யான் பழிக்கவில்லை. பட்டியலைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதே, கணக்கும் வேண்டியதே. ஆனால் கருவி பிடித்த கை கேட்கும் கேள்விக்குச் செவிகொடாத படிப்பு, பிரேக்கில் இடித்து நிற்கும் சக்கரத்தைப் போன்றது. பளபளப்புண்டு, ஓட்டம் இல்லை. இப்போதெல்லாம் எண்ணிக்கையில் ஐயம் என்று ஒருவர் சொன்னால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவருடன் நடந்து சென்று குலைகளை எண்ணிப் பார்க்கிறேன். வெயிலில் அரைமணி நேரம் கூடுதலாகிறது. ஆகட்டும்.