கடைமடைக்கு வரும் மின்சாரம்

ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தில், நல்ல விலை வரும்வரை சரக்கை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கிலும் கிடங்கிலே காத்து வைப்பது வழக்கமாதலால், பூட்டையும் காவற்காரரையும் மட்டும் நம்பியிருக்க மனமில்லாத ஒரு மண்டிக்காரர் தமது கிடங்கில் அபாயமணி பொருத்த ஏற்பாடு செய்திருந்தார். அந்த வேலையை நேரில் காணும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

வயர்மேன் ஐம்பது வயதை எட்டியவர். டிரில்லைத் தொடுமுன், ஒரு மூட்டையின்மேல் காகிதத்தை விரித்து அவர் நெடுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் அறையில் அமரப்போகும் பேனல் 12 வோல்ட்டில் இயங்குவது. ஆள் நடமாட்டத்தை உடற்சூட்டால் அறியும் சென்சார்கள் ஒவ்வொன்றும் 15 மில்லி ஆம்பியர் அளவே கேட்பவை. கதவுகளின் காந்த சுவிட்சுகளுக்கோ அதுவும் வேண்டியதில்லை. அவருடைய விசாரமெல்லாம் 100 மீட்டருக்கு அப்பால், வாசற்கேட்டில் மாட்டவேண்டிய சைரனைப் பற்றியதாக இருந்தது. அதற்கென்று முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருந்த அரை சதுர மில்லிமீட்டர் தாமிர வயரின் தடை, போகவும் வரவுமாக ஏறத்தாழ 7.5 ஓம், சைரன் அரை ஆம்பியர் இழுக்கும்போது நாலு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வழியிலேயே கழிந்துபோக, 12 என்று புறப்பட்டது எட்டேசொச்சமாகத்தான் போய்ச் சேரும்.

“வாய்க்காத் தண்ணி கடைமடைக்கு வர்றாப்புலதானுங்க,” என்றார் என்னிடம். “சும்மா கெடக்கறப்ப அளந்தா அங்கயும் பன்னண்டே காட்டுமுங்க. சைரன் கத்தறப்ப அளக்கோணும்.”

ஓட்டமில்லாத வயரில் இழப்புமில்லை என்ற பௌதிக விதியை இவ்வளவு தெளிவாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் வந்தது, இழப்பு 1.2 வோல்ட்டாகச் சுருங்கியது.

“ஏனுங்கண்ணா, லைட்டுக்குப் போற பைப்புலயே சேத்து இழுத்துட்டா வேலை மிச்சந்தானுங்களே?” என்று மண்டிக்காரர் கேட்டார்.

“வேண்டாமுங்க முதலாளி. 230 வோல்ட்டு வயரு தோல் உரிஞ்சு இதுல பட்டா, பேனலும் போயிரும், தொடறவன் உசுரும் போயிரும்.”

செலவு கூடினாலும் தனிப் பைப்பே போடப்பட்டது. அந்தப் பிடிவாதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். உதவிக்கு வந்த பையன் ஸ்பிரிங்கைப் பைப்பினுள் செலுத்தி, மஞ்சள் தூசி படிந்த கைகளால் வயரை மெல்ல மெல்ல இழுத்தான்.

பிறகு பேட்டரி. மின்சாரம் நின்றுபோன இரவிலும் கண்விழித்திருக்க வேண்டிய சாதனமாதலால், 200 மில்லி ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 4.8 ஆம்பியர்-மணி, சைரன் அரைமணி கூவினால் மேலும் கால், பேட்டரி மூப்படைவதற்காகக் கால்பங்கு அதிகம் என்று கூட்டி, 6.3 என்ற விடை கண்டபின்பே 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அவர் சம்மதித்தார்.

சாயங்காலம் மெயினை அணைத்து, பேட்டரியில் மட்டும் சைரனைக் கூவவிட்டு, கேட்டருகே அளக்கச் சொன்னார். பையன் விரலை மடக்கிக் காட்டிய கணக்கு பதினொன்றுக்குக் குறையவில்லை. மண்டிக்காரர் மகிழ்ந்துபோய், அதே வயரில் பின்புறச் சுவருக்கும் ஒரு பெரிய சைரன் சேர்க்கலாமா என்று வினவ, பேனல் அந்த லோடு தாங்காதென்றும், அங்கே தனி பவர் சப்ளையும் தனி பேட்டரியும் வைத்தாக வேண்டுமென்றும் வயர்மேன் சொல்லி, அதற்கான செலவை அதே காகிதத்தின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.